கோட்டுக்குள் புகுந்த கடல்

1. ஆடி மாதத்து அலை

அலையில் கட்டுமரம் தலைகீழாக மறிந்தது. அதில் போன இரண்டு பேரில் ஒருவன் தலை தூக்கினான். மற்றவர் தூக்கவில்லை. அந்த மற்றவர் என் வீட்டுக்காரர்.

ஆடி மாதக் காலை. மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. நான் இனயம் கரையில் மீன்கடவத்தோடு நின்றேன். கடவம் என்பது பனையோலையில் முடைந்த பெரிய கூடை. கரைக்கு வருகிற மீனை வாங்கித் தலையில் ஏற்றித் தக்கலைச் சந்தைக்கு நடப்பது என் தொழில். உலகச் சண்டை முடிந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊர்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தன.

கட்டுமரம் மறிவது எங்களுக்குப் பெரிய காரியமே கிடையாது. அலை முறிகிற இடத்தில் அது நடக்கும். ஆள் முங்குவான், மரத்தை விட்டு விலகுவான், எழும்பி மறுபடியும் பிடிப்பான். அதற்காகத்தான் எங்கள் ஆட்கள் ஒரு கோவணத்தோடு கடலுக்குப் போனார்கள். இதைப் பார்த்துவிட்டு, உடுக்கத் தெரியாத கூட்டம் என்று சந்தையில் என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அவர்கள் ஆடிக் கடலில் கரைவேட்டி கட்டிக்கொண்டு ஒரு நாள் போய்வந்து பிறகு பேசட்டும்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் கோவணத்தோடு போகவில்லை. விலை கொடுத்து வாங்கிய மழைக்கோட்டைப் போட்டுப் போயிருந்தார்.

தலை தூக்கியவன் என் கொழுந்தன் சிலுவை. அவன் திரும்பவும் முங்கி அண்ணனின் முடியைப் பிடித்து இழுத்தான். ஆள் அசையவில்லை, அவ்வளவு கனம். கரையிலிருந்து நாலைந்து பேர் பாய்ந்து போய், வலை இழுப்பதைப் போல அவரை மணலில் இழுத்துப் போட்டார்கள். கோட்டு முழுக்கக் கடல் வெள்ளம். எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். கோட்டின் கை இரண்டும் தலையணை மாதிரி வீங்கிக் கிடந்தன. கழுத்து வழியாகப் புகுந்த வெள்ளம் வெளியே போக வழியில்லை. ஏனென்றால் மணிக்கட்டிலும் இடுப்பிலும் வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். கட்டுமரத்தில் போகிறவன் எதையும் கட்டித்தான் வைப்பான். குடிக்கிற வெள்ளம் வைத்த குடுவையைக் கட்டுவான், கத்தியைக் கட்டுவான், இரைப் பையைக் கட்டுவான். கட்டாமல் வைத்தால் முதல் அலையே எடுத்துக்கொள்ளும். சின்ன வயசிலிருந்து பழகின கை, கோட்டையும் அப்படியே கட்டிவிட்டது. நனைந்த முடிச்சை அவிழ்க்க ஒருவராலும் முடியவில்லை. கத்தியால் கயிற்றை அறுத்தார்கள். கை வழியாகக் கடல் கொட்டியது. அவர் வாய் வழியாகவும் கொட்டியது. அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

மூச்சு வந்ததும் ஒருத்தன் கேட்டான்: "வறுவேலு, கோட்டுக்குள்ள எத்தன சாளை மீனு பிடிச்ச?"

கரை முழுக்கச் சிரித்தது. வறுவேல் என்பது என் வீட்டுக்காரர் பெயர். வாயால் சொல்ல மாட்டேன், எழுதுவதற்குத் தடையில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

2. ஒரு குடம் வெள்ளம்

கோட்டை விற்றவன் அப்பாவு. தக்கலையில் தூண்டில், கயிறு, வலைநூல் எல்லாம் விற்கிற கடை வைத்திருந்தான். பட்டாளத்தில் மிச்சமான சாமான்களைக் கொச்சியில் ஏலம் எடுத்து வந்ததாகச் சொன்னான். கெட்டித் துணியில் எண்ணெய் ஊற வைத்த மஞ்சள் கோட்டு. முட்டுக்குக் கீழே வரைக்கும் தொங்கும். பக்கத்தில் போனாலே பழைய எண்ணெய் நாற்றம் குமட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, வேதக்கோயில் முற்றத்தில் தானே அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். ஒரு குடம் வெள்ளத்தைத் தலை வழியே ஊற்றச் சொன்னான். ஊற்றினார்கள். கோட்டைக் கழற்றி உள்ளே போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் காட்டினான். ஒரு சொட்டு ஈரமில்லை.

"பாத்தியளா மக்கா? வெள்ளக்காரன் இதப் போட்டுட்டுத்தான் கப்பல்ல போறான். அவன் மழையில நனஞ்சு இருமி நீங்க பாத்திருக்கியளா?"

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு சரியில்லை. ஆனி, ஆடி பிறந்தால் மூச்சு இழுப்பு வந்துவிடும். அதற்கு முந்தின வருஷம் சீசன் முழுக்கப் பாயில் கிடந்தார். நான் ஒருத்தி மீன் விற்றுக் குடும்பத்தை ஓட்டினேன். நெஞ்சில் மழை படக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கடலுக்குப் போகிறவன் நெஞ்சில் மழை படாமல் எப்படிப் போவது? அதற்கு வைத்தியரிடம் மருந்தில்லை. அப்பாவுவிடம் இருந்தது போலத் தெரிந்தது. என் காதில் கிடந்த தங்க வளையத்தை விற்றுக் கோட்டை வாங்கினோம். வாங்கச் சொன்னது நான்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. அந்த விலைக்கு ஒரு புது வலைக்கு நூல் வாங்கலாமே என்று மாமியார் சொன்னாள். வலை கிழிந்தால் முடையலாம், உங்கள் மகனை எதை வைத்து முடைவது என்று கேட்டேன்.

3. "எனக்கு நீச்சு தெரியாது"

மரம் மறிந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவு மறுபடியும் வந்தான். இந்த முறை கடற்கரைக்கே வந்தான். இரண்டு ஆள் சுமந்து வந்த மூட்டையில் இன்னும் பத்துப் பதினைந்து கோட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. ஊர் முழுக்கக் கரையில்தான் இருந்தது.

நான் எங்கள் கோட்டைக் கொண்டுபோய் அவன் முன்னால் போட்டேன்.

"மொதலாளி, இது எங்க ஆளக் கொல்லப் பாத்துது. எடுத்துட்டுப் போவும்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஆண்கள் பக்கம் திரும்பி நின்று பேசினான்.

"வறுவேலு, கோட்டக் கயறு போட்டுக் கெட்டினியாமே? கோழியக் கெட்டுகது மாதிரி? ஏ மக்கா, இதுல எதுக்குப் பட்டன் வச்சிருக்கான்? பட்டனப் போட்டாப் போரும். உள்ள போற வெள்ளம் கீழ வழியா தானா போயிரும். போடத் தெரியாதவனுக்குக் கோட்டு என்ன செய்யும்?"

திரும்பவும் சிரிப்பு. என் வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. கடலில் அவருக்குப் பயமில்லை, சிரிப்புக்குத்தான் பயம்.

"நாளைக்கு இதே கோட்டப் போட்டுட்டுப் போறேன். பட்டன் மட்டும் போட்டுட்டு. வந்து பாரும்" என்றார்.

சிலுவையும் விடவில்லை. மூட்டையிலிருந்து ஒரு கோட்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டான். "எனக்கும் ஒண்ணு இருக்கட்டும் மொதலாளி. அண்ணனும் நானும் ஒண்ணாப் போவோம்."

அண்ணனும் தம்பியும் போகிற மரத்தில் வேறு ஆள் கிடையாது. இரண்டு பேரும் கோட்டோடு முங்கினால் முடியைப் பிடித்து இழுக்கிறவன் யார்? இதை அங்கே நின்ற ஒருவனும் யோசிக்கவில்லை. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"மொதலாளி, நீரு இப்ப இதப் போட்டு எறங்கும். தூரமெல்லாம் போவாண்டாம். இடுப்பு வரைக்கும் எறங்கிட்டு வாரும். வெள்ளம் கீழ வழியா போறத நாங்களும் பாக்கட்டு."

"எனக்கு நீச்சு தெரியாது பிள்ள" என்றான் அப்பாவு.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். "நீச்சு தெரியாத ஆளா எங்க ஆளுவளுக்குக் கடல்ல போட கோட்டு விக்குதீரு?"

"ஏட்டி, வீட்டுக்குப் போ. ஆம்பிளைய பேசுக எடத்துல உனக்கு என்ன காரியம்?" என்று என் வீட்டுக்காரர் அதட்டினார்.

நான் போகவில்லை. மணலில் கிடந்த கோட்டை எடுத்து, சட்டைக்கும் முண்டுக்கும் மேலே போட்டு, எல்லாப் பட்டனையும் போட்டேன். "கயறு இல்ல, எல்லாரும் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குள் நடந்தேன்.

எங்கள் ஊரில் பெண் கடலில் இறங்குவதில்லை. மீன் எடுக்கக் கரை வரைக்கும் வருவோம், காலில் நுரை படும், அவ்வளவுதான். பின்னால் ஊரே கூச்சல் போட்டது காதில் விழுந்தது. முட்டு வரைக்கும் கோட்டு நன்றாகத்தான் இருந்தது. இடுப்பு வரைக்கும் போனதும் கீழ்ப்பக்கம் குடை மாதிரி விரிந்து மேலே மிதந்தது. கையால் அமுக்கினேன். அதற்குள் ஒரு அலை முகத்துக்கு நேரே வந்து முறிந்தது. கழுத்து வழியாகவும் கீழ் வழியாகவும் ஒரே நேரத்தில் வெள்ளம் புகுந்தது. யாரோ இரண்டு தோளிலும் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கோட்டின் வால் காலைச் சுற்றிக்கொண்டது. எழும்பக் கையைத் தூக்கினேன், கை வரவில்லை. உள்ளே போன வெள்ளம் அப்பாவு சொன்னபடி கீழ் வழியாகப் போகத்தான் செய்யும். அதற்கு நேரம் வேண்டும். அடுத்த அலை அந்த நேரத்தைத் தராது.

அதற்கு மேல் தெரிந்தது மணலும் உப்பும்தான். கொண்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். கரையில் கண் திறந்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். கொண்டை அவர் கைக்குள்தான் இருந்தது.

"சவத்த மூதி, செத்துப் போயிருப்பியே ஏட்டி" என்றார்.

"பட்டன் மட்டும்தான் போட்டேன்" என்றேன்.

சிலுவை தோளில் கிடந்த புதுக் கோட்டை எடுத்து மடித்தான். அப்பாவு பக்கத்தில் வைத்தான். "மைனிய இழுத்துப் போட நாங்க இவ்வளவு பேரு இருந்தோம் மொதலாளி. நடுக்கடல்ல யாரு இருப்பா?" என்று கேட்டான். மைனி என்று அவன் சொன்னது என்னைத்தான். அப்பாவு மூட்டையைக் கட்டினான். அன்றைக்கு இனயத்தில் ஒரு கோட்டும் விற்கவில்லை.

4. ஊர்க்கூட்டம்

மறுநாள் சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் போட்டார்கள். அப்பாவுவை விசாரிக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். விசாரித்தது என்னை.

தலைவர் கேட்டார்: "பொம்பிள ஆம்பிள கோட்டப் போட்டுட்டு, நனஞ்ச துணியோட, எல்லார் முன்னாலயும் கடல்ல எறங்கலாமா? இனி இந்தக் கரையில மீன் படுமா? தப்புன்னு சொல்லிக் கும்பிட்டுட்டுப் போ பிள்ள."

எனக்குக் கோபம் வந்தது. ஒருத்தன் ஆளைக் கொல்கிற கோட்டை விற்றான். அவன் எங்கள் ஆட்களைக் கோட்டுப் போடத் தெரியாதவர்கள் என்று சொன்னான். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நனைந்ததுதான் ஊருக்குக் குற்றம்.

அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழும்பினார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத ஆள்.

"நான் எறங்க வேண்டியது. அவ எறங்கினா" என்றார். கொஞ்சம் இருமினார். "நான் எறங்கியிருந்தா இண்ணைக்கு நீங்க எனக்குக் குழி வெட்டிட்டு இருப்பிய. கும்பிடணும்னா நான் கும்பிடுகேன், அவளுக்கு. ஊரு எதுக்குக் கேக்குது?"

தலைவர் தொண்டையைக் கனைத்தார். மழை வருகிறது என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கலைந்தது. நான் கும்பிடவில்லை. இந்த வயது வரைக்கும் கும்பிடவில்லை. அந்த வருஷம் மீனும் பட்டது.

5. வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு

அப்பாவு கோட்டைத் திருப்பி எடுக்கவில்லை. தங்கம் போனது போனதுதான். ஆனால் பொருளைச் சும்மா போடுகிறவள் நான் இல்லை. மழையில் கருவாடு கொண்டுபோகும்போது கடவத்துக்கு மேலே போட்டு மூடினேன். மழை வெள்ளம் பட்டால் கருவாடு ஒரே நாளில் புழு வைக்கும். எனக்கு வைக்கவில்லை.

அதைவிடப் பெரிய உபயோகம் ஒன்று இருந்தது. கடலில் கிடக்கிறபோது ஆளுக்கு அவ்வளவு குளிர் தெரியாது. கரை ஏறி, ஈரத்தோடு நின்று வலையை உதறி மீன் எடுக்கிற நேரத்தில்தான் காற்று நெஞ்சைப் பிடிக்கிறது. இதை அந்த ஆடியில் நான் பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து காய்ந்த முண்டும் கோட்டும் கரையில் தயாராக வைத்திருந்தேன். அவர் கோவணத்தோடு போவார். திரும்பி வந்ததும் துடைத்து, உடுத்து, கோட்டைப் போட்டுக்கொண்டு மீன் எடுப்பார். முதல் இரண்டு நாள் கௌரவம் பார்த்து வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் குளிரில் பல் அடித்துக்கொள்ள வந்து கையை மட்டும் நீட்டினார்.

"வாயத் தொறந்து கேளுங்க" என்றேன்.

"கோட்டத் தா" என்றார். கொடுத்தேன். இழுப்பு முழுக்கப் போகவில்லை. ஆனால் பாயில் கிடக்கவில்லை.

இப்போது எந்திரப் படகில் போகிற பிள்ளைகள் கடையில் தொங்குகிற ரப்பர் கோட்டைப் பார்த்து, அவ்வளவு விலை கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். படகின் தளத்தில் காலூன்றி நிற்கிறவனுக்கு, மழையும் சாரலும் மட்டும் படுகிறவனுக்கு, அது விலைக்குத் தகும். வாங்குங்கள். வெள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்து தொழில் செய்கிறவனுக்கு எந்த விலைக்கும் தகாது. எப்படிப்பட்ட கோட்டாக இருந்தாலும் முதலில் கரையோரம், கூட நாலு பேரை நிறுத்திக்கொண்டு, அதைப் போட்டு முங்கிப் பாருங்கள். எழும்ப முடிகிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கையால் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். கடைக்காரன் ஒரு குடம் வெள்ளம் ஊற்றிக் காட்டினால், குடத்தை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, கடல் பக்கம் கையைக் காட்டி, "நீரு முதல்ல எறங்கும்" என்று சொல்லுங்கள்.