ஞாயிற்றுக்கிழமை மட்டும் சூடாகும் வண்டி

அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர் சைலன்சர். தாள் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் காலையில் வந்து நின்றால் மாலை வரை வாயைத் திறக்க மாட்டார். மற்றவர்கள் கூடி ஊர்வம்பு பேசும்போது இவர் ஓரமாக நின்று டீயை ஊதி ஊதிக் குடிப்பார். பெயர் வைத்தவன் வேலையை விட்டே போய்விட்டான், பெயர் மட்டும் போகவில்லை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் "அமையல" என்பார், அதோடு சரி. மாடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு ஆளுக்குக் காணும் பாத்திரங்கள். கீழே மாடிப்படி ஓரத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அவர் நாலு வார்த்தை பேசுவதென்றால் அதனோடுதான்.

அந்த வண்டிக்கு ஒரு வினோதமான வியாதி வந்திருந்தது. வாரம் முழுக்க அச்சகத்துக்குப் போய்வரும், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொதிக்கும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் எஞ்சினிலிருந்து கருகல் வாடை அடிக்கும், மேட்டில் ஏற மாட்டேன் என்று திணறும். ஒருநாள் நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டது. மனிதர் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கே போகிறார் என்பது ஊருக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்வதில் தப்பில்லை. ஊரின் மறுகோடியில் அக்கா வீடு இருக்கிறது. அம்மா போன பிறகு இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளோடு பேச்சுவார்த்தை நின்று சில வருஷங்களாகின்றன. காரணத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அக்கா மகள் கல்யாணத்தில் குடும்பமாக நின்று போட்டோ எடுத்தபோது இவரைக் கூப்பிடவில்லை. சொந்தத் தாய்மாமன்! அந்தக் கூட்டத்தில் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். யாராவது கூப்பிடட்டும் என்று தூணோரமாக நின்றார். போட்டோ எடுத்து முடித்து, நாற்காலிகளை அடுக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். சாப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டார். அக்கா கூப்பிடட்டும் என்று இவரும், சொல்லாமல் போனவன் தானாக வரட்டும் என்று அவளும் இருந்துவிட்டார்கள். ரோஷத்தில் இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம்.

ஆனால் ரோஷம் இருக்கிறதே தவிர, மனசு கேட்கவில்லை. ஞாயிறு காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அக்கா வீட்டுக்கு எதிரே ஒரு மரக்கடை உண்டு, ஞாயிறன்று பூட்டிக் கிடக்கும். அதன் மறைவில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே அந்தப் பச்சைக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். எஞ்சினை அணைக்க மாட்டார். யாராவது வெளியே வந்துவிட்டால் ஓட வேண்டாமா? அணைத்தால் அந்த வண்டி லேசில் கிளம்பாது, உதைத்து உதைத்துக் கால் வீங்கிவிடும். வெயில் ஏறும் வரை இருந்துவிட்டு, யாரும் வெளியே வரவில்லையே என்ற நிம்மதியோடும் அதே வருத்தத்தோடும் திரும்புவார்.

வண்டியை மெக்கானிக்கிடம் விட அவருக்கு மனசில்லை. சனிக்கிழமை மாலைகளில் படியோரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். முதலில் ஆயில் பார்த்தார். குறைந்துபோய், தார் மாதிரி கறுத்திருந்தது. வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். மறுநாளும் கொதித்தது. எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளுக்கு நடுவே சேறும் எண்ணெயும் காய்ந்து அப்பிக் கிடந்தன. பழைய பல் துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் தொட்டு ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்தார். கொதித்தது. பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார், பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதையும் தளர்த்தினார். ஞாயிற்றுக்கிழமை வந்தது, கொதித்தது.

உதிரிபாகக் கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் கேள்வி கேட்டே கொல்வார். எத்தனை தூரம் போகிறீர்கள், பின்னால் யார் உட்காருகிறார்கள் என்று துருவினார். பின்னால் யாரும் இல்லை என்றார் இவர். கடைசியில் கடைக்காரர் கைவிரித்துவிட்டார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை பார்த்துச் சூடாகிற எஞ்சின நான் பார்த்ததே இல்ல. எதையோ மறைக்கிறீங்க."

டாக்டரிடம் போய் வலிக்கிற இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் காட்டுகிற ஆள் மாதிரி, எல்லாம் சொன்னவர் மரக்கடையை மட்டும் சொல்லவில்லை. பிளக் ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

புதுப் பிளக்கைப் போட்டுவிட்டு, பெரிய சாலையில் நெடுந்தூரம் விரட்டிப் பார்த்தார். வண்டி சமர்த்தாக ஓடியது. திரும்பி வந்து படியோரத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே ஏதோ யோசனையில் ஆழ்ந்துவிட்டார். கருகல் வாடை மூக்கில் ஏறியபோதுதான் சுதாரித்து அணைத்தார்.

அப்போதுதான் உறைத்தது. காற்றில் ஆறுகிற எஞ்சின் அது. ஓடினால் காற்று வந்து அடிக்கும், சூடு போய்விடும். நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தால் சூடு எங்கே போகும்? வண்டிக்கு ஒரு நோயும் இல்லை. போகவும் மாட்டாமல், அணைத்துவிட்டு இறங்கவும் மாட்டாமல் ஒருத்தன் அதை வாராவாரம் நிறுத்திவைத்து வேகவைத்துக்கொண்டிருந்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடத் துக்கம்தான் பெரிதாக இருந்தது. படியில் உட்கார்ந்து, கையில் இருந்த துணியால் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

சரி, இனிமேலாவது போய்க் கதவைத் தட்டுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆளின் புத்தி போன போக்கைப் பாருங்கள். அணைத்துவிட்டு நின்றால் சூடாகாது, ஆனால் அவசரத்துக்கு ஓட முடியாது. அப்படியானால் ஒரே உதையில் கிளம்பும்படி செய்துவிட்டால் போயிற்று! மறுபடி சாக்கை விரித்தார். கார்புரேட்டரைக் கழற்றி ஒவ்வொரு துளையாக ஊதினார், ஏர் ஃபில்டரைத் துவைத்துக் காயவைத்தார், பிளக் இடைவெளியைச் சரிபார்த்தார். மெனக்கெட்டதற்குப் பலன் இருந்தது. ஒரே உதையில் வண்டி கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை மரக்கடை மறைவில் நின்று, முதல்முறையாக எஞ்சினை அணைத்தார். தெருவே சட்டென்று அடங்கிப்போனது போல இருந்தது. இத்தனை நாளும் எஞ்சின் சத்தத்தில் கேட்காததெல்லாம் இப்போது கேட்டது. அக்கா வீட்டில் குழாயில் தண்ணீர் கொட்டியது. யாரோ இருமினார்கள். அது அக்காவின் இருமல்தான், சின்ன வயதில் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறார்.

பச்சைக் கதவு திறந்தது. அவர் கால் தானாகக் கிக்கரில் போய் ஏறியது. அக்கா செருப்புக்கூடப் போடாமல் வேகவேகமாக வந்தாள். முடியெல்லாம் வெளுத்திருந்தது, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். ரோட்டைத் தாண்டி நேராக மரக்கடை மறைவுக்கே வந்து நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"வண்டிக்கு என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலக்கா. நான்தான் அணைச்சேன்."

"வந்ததும் சத்தம் நின்னுபோச்சு. உனக்கு என்னமோ ஏதோன்னு பதறிட்டேன்."

தான் வருவது தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாம என்ன? வாராவாரம் அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன்."

"ஒரு தடவையாவது வெளிய வந்திருக்கலாம்ல."

"வந்தா ஓடிருவ. அந்தச் சத்தமும் இல்லாமப் போயிரும்."

ஒரே ஒரு உதை போதும், வண்டி பறந்துவிடும். அதற்காகத்தான் அத்தனை பாடுபட்டிருந்தார். அவர் காலை எடுத்துவிட்டுக் கிக்கரை மடக்கினார்.

வெயிலில் நிற்காமல் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு அக்கா முன்னால் நடந்தாள். வாசல் கேட்டுக்குள் வண்டியை நிறுத்திவிட்டு அவர் பச்சைக் கதவைத் தாண்டி உள்ளே போனார். கதவுக்குப் பின்னால், ரோட்டைப் பார்த்தபடி, ஒரு பிரம்பு நாற்காலி போட்டிருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து அதன் பின்னல் குழிந்திருந்தது.