நான் போடாத கிக்கர் பட்டியல்

அமெரிக்கர்களின் ஃபுட்பால் எனக்கு இன்றைக்கும் புரியாது. கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டுப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்கள் ஓடினால் எனக்கென்ன, விழுந்தால் எனக்கென்ன? ஆனால் அந்த ஆட்டத்தைச் சாக்காக வைத்துத்தான் என் குடும்பம் கத்தாருக்கு வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று என் மனைவிக்கு நான் சொன்னது பொய். உண்மையை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கத்தாரின் ராஸ் லஃபானில் எரிவாயு ஆலை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. சைட் ஆபீஸில் நான் டாக்குமென்ட் கன்ட்ரோலர். பெயர்தான் பெரிது, வரைபடங்களுக்கும் கடிதங்களுக்கும் நம்பர் போட்டு அடுக்குகிற வேலை. ஆள் சப்ளை செய்யும் கம்பெனி மூலம் வந்தவன் என்பதால் பேச்சுலர் கேம்ப், ரூமுக்கு நான்கு கட்டில், இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு. ஊரில் மனைவியும் இரண்டு வயது மகனும் இருந்தார்கள்.

பக்கத்துக் கட்டில்காரரும் சப்ளை ஆள்தான். கிரேன் தூக்கும் சாமான்களைக் கட்டி ஏற்றும் கூட்டத்துக்கு ஃபோர்மேன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மக்கா என்பார். நான் சின்னம்மை வந்து கிடந்தபோது மற்ற இருவரும் வேறு ரூமுக்கு ஓடிவிட்டார்கள். இவர் மட்டும் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டு அதே கட்டிலில் படுத்திருந்தார். அவர் கத்தார் வந்த பிறகு பிறந்த மகள் ஒருத்தி ஊரில் இருந்தாள். ஒரு லீவில் பார்த்ததோடு சரி. போனில் அந்தப் பிள்ளை அவரை ‘மாமா’ என்று கூப்பிட்டது. அவர் சிரித்துக்கொண்டே திருத்துவார்.

அந்த வருடம் பிளானிங் பிரிவில் ஓர் இடம் காலியானது. நேரடி கம்பெனி வேலை, ஃபேமிலி ஸ்டேட்டஸ், குடும்பத்துக்கு வீடு. டிப்ளமா போதும். எங்கள் இருவரிடமும் டிப்ளமா இருந்தது, இருவரும் விண்ணப்பித்தோம். யாருக்குக் கிடைத்தாலும் சந்தோஷம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அவர் மனதாரச் சொன்னார்.

ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் கட்டுமான மேனேஜர், அமெரிக்கர். ஆபீஸிலிருந்த அமெரிக்கர்களை வைத்து வருடா வருடம் ஒரு கற்பனை லீக் நடத்துபவரும் அவர்தான். ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை டியூட்டி முடிந்ததும் மீட்டிங் ரூமில் கூடுவார்கள். நிஜ ஆட்டக்காரர்களை முறைவைத்துப் பொறுக்கி, ஆளுக்கொரு அணியைக் காகிதத்தில் சேர்ப்பார்கள். அந்த ஆட்டக்காரன் அங்கே மைதானத்தில் எடுக்கிற புள்ளிகள் இங்கே அவனைப் பொறுக்கியவருக்குச் சேரும். இதில் கிக்கர் என்று ஒருவன் உண்டு. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புவதற்கு மட்டும் உள்ளே வந்துவிட்டுப் போகிறவன். குழம்பில் கறிவேப்பிலைக்கு உள்ள மரியாதைதான் அவனுக்கு. எல்லோரும் அவனைக் கடைசிச் சுற்றில்தான் எடுப்பார்கள்.

முந்தைய வருடம் மேனேஜரின் கிக்கர் கடைசி ஆட்டத்தில் இரண்டு உதைகளைத் தவறவிட்டு அவருக்குக் கோப்பை போய்விட்டது. அந்த ஆத்திரம் ஆறாமல், ஒரு காலை மீட்டிங்கில், முப்பத்திரண்டு அணிகளின் கிக்கர்களையும் ஒழுங்காக வரிசைப்படுத்தித் தர இந்த ஆபீஸில் ஆளே இல்லையா என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த நான் சாயங்காலம் இதை அண்ணனிடம் சொன்னேன்.

“லேய் மக்கா, பந்த ஒதைக்கவன கடைசியிலயா எடுக்கானுவ? அப்பறம் அதுக்கு எதுக்குலே ஃபுட்பாலுன்னு பேரு?” என்றார்.

அண்ணன் ஊரில் பந்தை உதைக்காத பையனே கிடையாது. ஆனால் அவரைப் பிடித்துக்கொண்டது ஆட்டமல்ல, தவறிய அந்த இரண்டு உதைகள். அன்றைக்கு அங்கே காற்று எப்படி என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? மறுநாளிலிருந்து டியூட்டி முடிந்து கேம்ப் பஸ் கிளம்பும்வரை கிடைத்த முக்கால் மணி நேரமும் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஆரம்பித்தார். நான் பக்கங்களைத் திறந்து கொடுப்பேன். அவர் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்து நோட்டில் குறிப்பார்.

அவர் வேலையே காற்றோடுதான். கிரேன் உச்சியில் சுழலும் காற்றுமானி அளவு தாண்டினால், எவ்வளவு அவசரமான சாமானாக இருந்தாலும் தூக்குவதை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் அவர். அதே கண்ணோடு கிக்கர்களைப் பார்த்தார். எந்த மைதானத்துக்குக் கூரை உண்டு, எது ஏரிக்கரையில் இருக்கிறது, எது மலைமேல் இருக்கிறது, டிசம்பரில் யார் யார் எந்த ஊருக்குப் போய் ஆட வேண்டும் என்று பத்து நாள் தோண்டினார்.

“காலு எல்லாவனுக்கும் ஒண்ணுதாம்லே. காத்துதான் கணக்கு. இவன் பெரிய ஆளுதான், ஆனா வருசக் கடைசியில மூணு ஆட்டம் காத்துல கெடக்கு. கீழ போடு” என்றார். மேனேஜர் தலையில் வைத்துக் கொண்டாடிய கிக்கர் பத்தொன்பதாம் இடத்துக்குப் போனான். யாரும் பெயர்கூடக் கேட்டிராத ஒருவன், கூரை போட்ட மைதானத்துக்காரன், முதலில் வந்தான்.

பட்டியலை நான் டைப் செய்தேன். சைட்டில் எந்தத் தாளானாலும் அடியில் மூன்று கட்டங்கள் இருக்கும்: தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். தினமும் நூறு தாள்களுக்குச் செய்கிற பழக்கத்தில் முதல் கட்டத்தில் என் பெயரை அடித்தேன். அந்த நிமிடம் வரைக்கும் அது பழக்க தோஷம்தான். பிரின்ட் எடுத்த பிறகு பார்த்தேன். பார்த்துவிட்டு அப்படியே கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அவர் கூப்பிட்டார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, காற்றை வைத்துப் போட்டிருக்கிறாயே, இங்கே வடக்கிலிருந்து அடிக்கிற ஷமால் காற்றினால் கிரேன் நின்று நின்று எத்தனை நாள் வீணாகிறது தெரியுமா, பிளானிங்குக்கு இப்படி யோசிக்கிற ஆள்தான் தேவை என்றார். இது முழுக்க நீ தனியாகச் செய்ததா என்று கேட்டார்.

“யெஸ் சார்” என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டே சொல் போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். யோசிக்க நேரமில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நேரம் இருந்தது. அவர் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் நடுவே என் மகனின் முகம் வந்துபோகிற அளவுக்கு நேரம் இருந்தது.

மேனேஜர் அந்தத் தாளை மீட்டிங் ரூம் சுவரில் ஒட்டிவிட்டார். வந்தவர்கள் படித்துச் சிரித்தார்கள். அண்ணனும் படித்தார்.

“அடியில ஒனக்க பேரு கெடக்கே மக்கா?” என்றார்.

“அது டெம்ப்ளேட்ல தானா விழுது அண்ணே. நான் சார்கிட்ட சொல்லிட்டேன்” என்றேன்.

அவர் தலையாட்டினார். கம்ப்யூட்டர் சங்கதி, இருக்கும் என்று நினைத்திருப்பார். அதன்பிறகு இரண்டு வாரம், தினமும் பஸ்ஸில், மேனேஜர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை அண்ணே, இல்லை அண்ணே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் எனக்கு ஆர்டர் வந்தது. அவர் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். பிறகு பஸ்ஸில் மேனேஜரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அதைவிடக் கொடுமை, புது நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குக் காற்றைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. தினமும் காலையில் அவருக்குத்தான் போன் செய்வேன். “பன்னெண்டுக்கு மேல எழும்பும். பெரிய சாமான முன்னாலயே தூக்கிரு” என்பார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒருநாளும் அப்படி இருக்கவில்லை. எனக்கு வந்த ஒவ்வொரு பாராட்டும் அவர் போனில் சொன்னதற்குத்தான்.

பிப்ரவரியில் மனைவியும் மகனும் வந்தார்கள். முதல் வெள்ளிக்கிழமை அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கூப்பிடாமல் இருக்கவும் முடியாது. அவர் என் மகனுக்கு ஒரு பந்து வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டுக்கு நடுவே, கணவனின் பெருமை பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என் மனைவி ஆரம்பித்தாள்.

“உங்களுக்குத் தெரியுமாண்ணே? வெள்ளக்காரங்க ஆட்டத்துல பந்து உதைக்கிறவங்களை எல்லாம் இவரே உக்காந்து காத்தை வச்சு வரிசை போட்டுக் குடுத்தாராம். அதைப் பாத்துதான் கூப்பிட்டு வேலை குடுத்தாங்களாம்.”

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மீனின் முள்ளை நிதானமாக எடுத்து ஓரத்தில் வைத்தார்.

“தெரியும் தங்கச்சி. நானும் பாத்தேன். நல்ல லிஸ்டு” என்றார்.

கை கழுவ எழுந்தபோது பின்னாலேயே போனேன். வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் குரலைத் தாழ்த்தி, “அண்ணே, சனிக்கிழமை நேரா மேனேஜர்கிட்ட போறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்” என்றேன். அப்போது நிஜமாகவே சொல்லத்தான் நினைத்தேன்.

அவர் குழாயை மூடிவிட்டு உள்ளே பார்த்தார். என் மகன் பந்தைச் சுவரில் உதைத்து உதைத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

“சொன்னா ஒன்ன அனுப்புவான். ஒனக்க பிள்ளயும் ஊருக்குப் போவான். ஒரு பிள்ள அப்பன் இல்லாம வளருகது போதும்லே” என்றார். துண்டை வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு போய் என் மகனிடம் பந்தைக் கேட்டார்.

சனிக்கிழமை வந்தது. நான் சொல்லவில்லை.