தாய்வீட்டுக் கணக்கு

எழுபதுகளின் கடைசியில் செங்கம் சாலைப் பக்கத்துக் கிராமங்களுக்கு நான் சுகாதார ஆய்வாளர். மாதம் ஒருமுறை திருவண்ணாமலையில் கூட்டம். பெரிய டாக்டர் கரும்பலகையில் ஒவ்வொரு பகுதியையும் எழுதி, பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு எத்தனை ஒரு வயதுக்குள் இறந்தன என்று எதிரே போடுவார். என் பகுதி எப்போதும் ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஆய்வாளருக்கு எப்போதும் கம்மி.

அவருக்கு விபூதி கலையாது, சட்டை கசங்காது. மண்ரோட்டில் வந்த சைக்கிள்கூடப் பளபளக்கும். இவற்றையெல்லாம் மன்னித்திருப்பேன். அந்த எண்ணைத்தான் மன்னிக்க முடியவில்லை. அவர் பக்கம் குழந்தைகள் சாகவில்லை என்று ஒரு மனுஷனுக்குப் பொறாமை வரலாமா? வந்தது. கூட்டம் முடிந்து அவர் வாங்கித் தந்த டீயில்கூட எனக்குச் சர்க்கரை கசந்தது.

பொறாமைக்கு மூளை உண்டு. சில மாதம் யோசித்து விடையைப் பிடித்தேன். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. அவர் பக்கம் கிணறும் நெல்லும். ஆகவே பெண் கொடுப்பவர்கள் நாங்கள், எடுப்பவர்கள் அவர்கள். அந்த மருமகள்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவார்கள். ஆபத்தெல்லாம் தலைப்பிரசவத்திலும் முதல் மாதத்திலும்தான். அது என் தலையில் விழும். தேறிய பிள்ளையைச் சீரோடு கூட்டிக்கொண்டு அவர் பக்கம் போய்விடுவார்கள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொன்னேன். கீழ்பென்னாத்தூர்க்காரர் முகம் முதல்முறையாகக் கொஞ்சம் கசங்கியது. அந்தச் சுகம் அரை நிமிஷம் நீடித்தது.

"யோசிக்க வேண்டிய விஷயம்தான்," என்றார் டாக்டர். "அது சரி, உங்க வீட்டம்மா எந்த ஊருங்க?"

"கீழ்பென்னாத்தூர் பக்கம் சார்."

அறை முழுக்கச் சிரித்தது. என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம், தலைப்பிரசவம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். குழந்தை பிறந்த இடத்திலேயேதான் கணக்கு, மாற்றமில்லை என்று டாக்டர் முடித்துவிட்டார்.

என் வாதத்துக்கு என் வீடே எதிர்சாட்சி ஆகக் கூடாதே என்று, வீட்டுக்கு வந்ததும், பிரசவம் இங்கேயே நடக்கட்டுமே என ஆரம்பித்தேன். நம்ம நர்சம்மா கைராசிக்காரர், பஸ் குலுக்கல் ஆகாது, என்னாலும் பிரிந்திருக்க முடியாது என்றெல்லாம் அளந்தேன். கடைசிக் காரணத்தில்தான் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"எங்கம்மா வீட்டுக்குப் போறேங்க. உங்க போர்டுக்காக நான் புள்ள பெத்துக்க முடியாது."

வளைகாப்பு முடிந்து போய்விட்டாள். அதன்பிறகுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. ஆயிரத்துக்கு எத்தனை என்று எழுதிப் பழகியவனுக்கு, அந்த எத்தனையில் ஒன்று தன்னுடையதாக இருக்கலாம் என்பது அதுவரை உறைக்கவில்லை. அவர் பக்கம் கம்மியாகவே இருக்கட்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

ஒரு காலை அந்தப் பளபளக்கும் சைக்கிள் என் வாசலில் நின்றது. கையில் கற்கண்டுப் பொட்டலம்.

"பொண்ணு சார். ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. மூணேகால் கிலோ. எங்க பக்கத்துல இந்த மாசம் இதான் ஜாஸ்தி."

என் கண் கலங்கியது. 'எங்க பக்கத்துல' என்றதும் காய்ந்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் டாக்டர் அந்தக் கம்மி எண்ணுக்காக அவரை எல்லார் முன்னாலும் பாராட்டினார். நானும் கைதட்டினேன். அந்தப் பாராட்டில் மூணேகால் கிலோ என்னுடையது.