மஞ்சள் கோடு

டார்ச் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. ஜாக்கி நழுவி வலது மணிக்கட்டு நசுங்கிய பிறகு, ஸ்பேனரை இறுக்கும் பலம் அந்தக் கைக்குத் திரும்பவில்லை. சொந்தமாகக் கார் பட்டறை போட்ட புதிது. மூட மனமில்லை. ஆள் வைத்து வேலை வாங்கினார். யார் வண்டிக்கு அடியில் படுத்தாலும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இடது கையால் டார்ச் வெளிச்சம் பிடிப்பார். அடியில் இருப்பவர் வாய் திறக்கும் முன்பே வெளிச்சம் அடுத்த போல்ட்டுக்குப் போயிருக்கும்.

"மத்த முதலாளிங்களுக்கு நாற்காலி தேயுது. எங்க முதலாளிக்குப் பேன்ட் முட்டி தேயுது" என்பாள் அவர் மனைவி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து போன், உதிரிபாகம், பில் எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டாள்.

பட்டறைக்கு ஒரு பக்கம் அச்சகம், மறுபக்கம் மெத்தைக் கடை. நடுவில் தகரக் கூரைக்குக் கீழே மூன்று வண்டிகள் நிற்க இடம். ஓரத்தில் ஒரு பள்ளம். வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்திவிட்டு, ஆள் உள்ளே இறங்கி வேலை பார்க்க வேண்டும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. போல்ட்டை முழுதாக இறுக்கியதும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் நகப்பூச்சால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு எப்போது பார்த்தாலும் கோடு முறியாமல் இருந்தால் போல்ட் அசையவில்லை என்று பொருள். ஒவ்வொரு கைக்கும் ஒரு நிறம். எந்த வேலை யார் செய்தது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிறத்தை டார்ச்தான் கொடுப்பார். வந்ததும் கொடுத்துவிட மாட்டார். கொடுத்துவிட்டால் அந்த ஆள் பட்டறையின் ஆள். டார்ச்சின் சொந்த நிறம் சிவப்பு. ஓடுகிற வண்டிகளில் அது இப்போது எதிலும் இல்லை.

பட்டறையின் மூத்த மெக்கானிக் மூக்கரின் நிறம் மஞ்சள். எந்தப் பெண்ணும் சீண்டாமல் கடைக் கண்ணாடிக்குள் வெயில் காய்ந்துகொண்டிருந்த புட்டி அது.

மூக்கரை மோப்பம் பிடிப்பவர் என்றுதான் சொல்ல வேண்டும். பானட்டைத் திறந்து, கண்ணை மூடி, ஒருமுறை மூச்சை இழுப்பார். "கிளட்ச் கருகுது" என்பார். "தித்திப்பா வருது, தண்ணி எங்கயோ கசியுது" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். டார்ச்சும் அவரும் இளவயதில் வேறொரு பட்டறையில் ஒன்றாக எண்ணெயில் குளித்தவர்கள். வாடிக்கையாளர் எதிரில் மூக்கர் டார்ச்சை "முதலாளி" என்பார். அவர்கள் போனதும் "என்னப்பா" என்பார். டார்ச் மட்டும் எப்போதும் "நீங்க"தான். மூக்கர் மூத்தவர்.

பள்ளத்தில் ஏறி இறங்கி மூக்கருக்கு முட்டி போயிற்று. வண்டியைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தும் லிஃப்ட் ஒன்று வேண்டும் என்று கேட்டார். டார்ச் "பார்க்கலாம்" என்றார். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி கேட்டார். "பார்க்கலாம்." முதலாளி வாயிலிருந்து பார்க்கலாம் வந்தால் அதற்கு என்ன பொருள் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மூக்கர் சண்டை போடவில்லை. ஒருநாள் சாயங்காலம் தன் ஸ்பேனர்களைத் துடைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு, மஞ்சள் புட்டியை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, புறவழிச் சாலையில் இருந்த கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு டார்ச் லிஃப்ட் வாங்கிப் போட்டார். இரண்டு நீலத் தூண்கள், நாலு கைகள்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றாள் மனைவி.

வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். ஒருவன் பானட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போனில் பேசுவான். ஒருவனுக்குக் கோளாறு பார்க்கும் கம்ப்யூட்டரை வண்டியில் மாட்டத் தெரியும், கழற்றத் தெரியும். நடுவில் ஒன்றும் தெரியாது. ஒருவன் நல்ல வேலைக்காரன். ஆசையாக நீலம் கொடுத்தார். கோடு காய்வதற்குள் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டான். வேலை தெரிந்தவன் நிற்பதில்லை. நிற்பவனுக்கு வேலை தெரிவதில்லை. இவர்களில் எவனையும் அவர் லிஃப்டில் விடவில்லை. கரன்ட் சரியில்லை என்பார், தரை இன்னும் செட் ஆகவில்லை என்பார். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வெறும் லிஃப்டை ஒருமுறை மேலே ஏற்றுவார். கொஞ்ச நேரம் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். இறக்குவார்.

மூக்கர் எப்போதோ வேலை பார்த்த வண்டிகள் வந்தால், அடியில் அந்தக் கோடுகளைத் தேடுவார். எண்ணெயும் புழுதியும் ஏறி மங்கியிருக்கும். கட்டைவிரலால் துடைத்தால் மஞ்சள் தெரியும். அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவார்.

"நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனப்பகூட இப்படி வாசலைப் பாத்திருக்க மாட்டீங்க" என்றாள் மனைவி ஒருமுறை.

"நீ திரும்பி வருவேன்னு தெரியுமே" என்றார் டார்ச். அவள் அதற்கு மேல் கேலி செய்யவில்லை.

பிறகு அந்தப் பெண் வந்தாள். மாமாவின் லாரி ஷெட்டில் கை பழகியவள். வந்த அன்று "பதினேழு எங்க?" என்று கேட்டாள். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் காணாமல் போய் நெடுநாள் ஆகியிருந்தது. அவள் விடவில்லை. வண்டி கழுவுகிறவரிடம் கேட்டாள், மெத்தைக் கடையில் கேட்டாள். கடைசியில் அச்சகக்காரர் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்ததை உருவிக்கொண்டு வந்தாள். அச்சகத்தில் ஜன்னல் படாரென்று விழுந்தது. அன்று முதல் அவளுக்குப் பெயர் பதினேழு.

அவள் வேலை சுத்தமாக இருந்தது. டார்ச்சுக்கு அது தெரியும். பள்ளத்தில் அவளுக்கு வெளிச்சம் பிடிக்கும்போது கை தானாகவே முன்னால் போயிற்று. மூக்கருக்குப் போன அதே வேகத்தில் போயிற்று. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணே, எனக்கு ஒரு கலர் குடுங்களேன்" என்றாள் ஒருநாள்.

"பார்க்கலாம்."

கண்ணாடிக்குப் பின்னால் பில் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. வீட்டுக்குப் போனதும் மனைவி சொன்னாள்.

"அந்தப் பொண்ணைக் கம்பெனிக்குக் கூப்புடுறாங்க. மாசம் பொறந்ததும் சேரச் சொல்றாங்களாம். இன்னும் பதில் சொல்லலையாம்."

"என்கிட்ட சொல்லாம உன்கிட்ட ஏன் சொல்லுது?"

"உங்ககிட்ட சொன்னா பார்க்கலாம்னு சொல்வீங்களே."

பதினேழு விடுப்பில் இருந்த ஒரு நாள், வாடகைக் கார் ஓட்டுகிற ஒருவர் வந்தார். பள்ளம் மேடு ஏறினால் முன்பக்கம் கிரீச்சென்கிறது என்றார். டார்ச் பள்ளத்தில் இறங்கி வெளிச்சம் அடித்தார். முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் போல்ட்டில் ஒரு மஞ்சள் கோடு. புழுதி இல்லை. மங்கவில்லை. பளபளவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தார். நகப்பூச்சு வாசனைகூட முழுதாகப் போகவில்லை.

மேலே ஏறி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"வண்டியை வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"ஐயோ, இல்லீங்க. எல்லாம் இங்கதான்."

"பரவால்ல சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

"சத்தியமா இங்கதாங்க!"

எந்த வண்டிக்காரர்தான் வேறு பட்டறைக்குப் போனதை ஒத்துக்கொண்டார்? கம்பெனியில் கோடு போடும் வழக்கம் இல்லை. மூக்கர் கம்பெனியை விட்டுவிட்டார், எங்கோ தனியாக வேலை பார்க்கிறார் என்று டார்ச் முடிவு செய்தார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பில்லெல்லாம் அவளிடம்தான். கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புறவழிச் சாலைக்குக் கிளம்பினார். மூக்கர் எங்கே இருக்கிறார் என்று கம்பெனியில் விசாரித்தால் சொல்வார்கள்.

சர்வீஸ் சென்டரின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே சோபா, ஏசி. கண்ணாடி வழியாகப் பார்த்தால் வரிசையாக லிஃப்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வண்டி. மூன்றாவது வண்டியின் கீழே, சாம்பல் நிறச் சீருடையில், தொப்பி போட்டுக்கொண்டு மூக்கர் நின்றிருந்தார். நிமிர்ந்து நின்றிருந்தார்.

டீ நேரத்தில் வெளியே வந்தார்.

"என்னப்பா, வழி தவறி வந்துட்டியா?"

"முட்டி எப்படி இருக்கு?"

"முட்டிக்கு ஒண்ணுமில்ல. மூக்குதான் சும்மா கெடக்கு. கம்ப்யூட்டர் சொல்றதைக் கழட்டணும், பொட்டில இருக்கறதை மாட்டணும். மோந்து பாத்தா பசங்க சிரிக்கிறாங்க."

"வெளிவேலை ஏதாச்சும் பாக்கறீங்களா?"

"தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கப்பா. ஏன்?"

"ஒரு வண்டியில மஞ்சக் கோடு பாத்தேன். புதுசா."

மூக்கர் டீயைக் கீழே வைத்தார். "மஞ்சளை உன் மேஜை டிராயர்லதானே வெச்சுட்டு வந்தேன்."

டார்ச் சாலையைப் பார்த்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"லிஃப்ட் போட்டிருக்கேன்" என்றார்.

"கேள்விப்பட்டேன். காலையில வெறும் லிஃப்டை ஏத்தி இறக்கறியாமே? நான் இருந்தப்ப லிஃப்ட் இல்ல. லிஃப்ட் இருக்கறப்ப ஆள் இல்ல. என்னப்பா பட்டறை நடத்தற நீ?"

"நீங்க வாங்க."

மூக்கர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"இருட்டறதுக்கு முன்னால வீட்டுக்குப் போனா எப்படி இருக்கும்னு எனக்கு இத்தனை வயசுக்கும் தெரியாதுப்பா. இப்பப் போறேன். வாசல்ல வெயில் அடிக்குது. வீட்டுக்காரிகூட உக்காந்து டீ குடிக்கிறேன். அதை விட்டுட்டு எப்படி வர்றது?"

உள்ளே மணி அடித்தது. மூக்கர் போகாமல் ஓர் அடி கிட்டே வந்தார். டார்ச்சின் சட்டைக் கையை நோக்கித் தலை லேசாகச் சாய்ந்தது. கண்ணை மூடி ஒருமுறை மூச்சை இழுத்தார்.

"கியர் ஆயில்" என்றார். "பழசு."

கண்ணாடிக் கதவுவரை போய்த் திரும்பினார். "யாரோ போட்டிருக்காங்களே, அந்தக் கோடு நேரா இருந்துச்சா?"

"நேராத்தான் இருந்துச்சு."

"அப்ப அந்த ஆளை விட்டுடாதே."

மறுநாள் பதினேழு வந்து, முடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடகைக் காருக்கு மஞ்சள் நீ போட்டதா?"

"ஆமாண்ணே. நீங்க கைக்கு வைத்தியம் பாக்கப் போயிருந்தப்ப வந்துச்சு. போல்ட்டை இறுக்கிட்டுக் கோடு போடாம விட மனசு வரல. மேஜை டிராயர்ல இது கெடந்துச்சு. இறுகிப் போயிருந்துச்சு, ஆபீஸ்ல நம்ம அக்காகிட்ட நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கி ரெண்டு சொட்டு விட்டேன்."

"அது ஒருத்தரோடது."

"தெரியும்ண்ணே. இந்தப் பட்டறையில எந்த வண்டிக்கு அடியில படுத்தாலும் அவர் கோடுதானே. வேற யார் இங்க இருக்கா?"

டார்ச் கொஞ்ச நேரம் டார்ச் விளக்கின் பொத்தானை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார்.

"கம்பெனிக்கு என்ன பதில் சொன்னே?"

"பார்க்கலாம்னு சொல்லிருக்கேன்."

கண்ணாடிக்குப் பின்னால் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். போன் அடிக்கவே இல்லை.

முந்தின நாளே வந்து நின்ற பழைய வண்டி ஒன்று வாசலில் இருந்தது. கியர் பெட்டியில் ஆயில் கசிவு. பதினேழு வழக்கம்போல அதைப் பள்ளத்துக்கு நகர்த்தப் போனாள்.

"அங்க வேண்டாம்" என்றார் டார்ச். "லிஃப்ட்ல ஏத்து."

அவள் அவரைப் பார்த்தாள். வண்டியைத் தூண்களுக்கு நடுவே நிறுத்தினாள். நாலு கைகளையும் இழுத்துப் பொருத்தினாள். வண்டி முதலில் ஒருமுறை குலுங்கி, பிறகு சீராக மேலே போயிற்று. அச்சகக்காரர்கூட வெளியே வந்து பார்த்தார்.

இருவரும் அடியில் நின்றார்கள். குந்தத் தேவையில்லாததால் டார்ச்சுக்குக் கால்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளிச்சத்தை உயர்த்தினார். கியர் பெட்டியைச் சுற்றி மூக்கரின் கோடுகள், மங்கி, ஒன்றுகூட முறியாமல் இருந்தன. பள்ளத்தில் அந்த முட்டியோடு நின்று போட்டவை. ஒன்றுகூடக் கோணவில்லை.

பதினேழு ஸ்பேனரை முதல் போல்ட்டில் மாட்டினாள். மாட்டிவிட்டு நின்றாள்.

"கழட்டினா கோடு முறிஞ்சிடும்ண்ணே."

"ம்."

"கழட்டட்டுமா?"

மஞ்சள் மேல் வெளிச்சம் நின்றது, நடுங்கியது.

"வெளிச்சம் ஆடுதுண்ணே."

"கழட்டு" என்றார்.

அவள் உடம்பைக் கொடுத்து அழுத்தினாள். டக்கென்று போல்ட் இளகியது. ஒரு மஞ்சள் சில்லு உதிர்ந்து டார்ச் விளக்கின் கண்ணாடி மேல் விழுந்து ஒட்டிக்கொண்டது. கியர் பெட்டியின் மேல் அதன் நிழல் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"திருப்பி மாட்டறப்போ?" என்றாள் அவள், மேலே பார்த்தபடியே.

"மத்தியானம் அக்காவைக் கூட்டிக்கிட்டுக் கடைக்குப் போ. உனக்குப் பிடிச்ச கலரா எடுத்துக்க. மஞ்சள் மட்டும் வேண்டாம்."

அவள் ஸ்பேனரை எடுத்து அடுத்த போல்ட்டுக்குக் கையை நீட்டினாள். வெளிச்சம் அங்கே முன்பே போயிருந்தது.