துடைத்து வைத்த துப்பாக்கி

சாலவாக்கத்துக்குப் பக்கத்துக் கல்குவாரியில் தானியேல் பதினாறு வருஷம் வாட்ச்மேன். முதலாளி சுகுமாரும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆள் இல்லாதபோது “இன்னாடா தானி” என்பான் சுகுமார். நாலு பேர் இருந்தால் “வாட்ச்மேன்” என்பான். தானியேல் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

சுகுமாரிடம் லைசென்ஸ் ரிவால்வர் ஒன்று இருந்தது. “ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான, துரு புடிக்காது” என்று அவன் கண்டபடி போட்டுவிடுவான். விரல் வேர்வை பட்ட இடத்தில் பழுப்புப் புள்ளி விழும் என்பதும், எண்ணெய் அதிகமானால் கல்லுடைக்கும் கிரஷர் தூசி சேர்ந்து களிம்பாகும் என்பதும் தானியேலுக்குத்தான் தெரியும். வாராவாரம் துடைப்பது அவன்தான். முதல் வேலை, உருளையைப் பக்கவாட்டில் திறந்து ஆறு தோட்டாவையும் தம்ளரில் கொட்டுவது. ஆறு ஓட்டையிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பான். அப்புறம்தான் குழலுக்குப் பித்தளைப் பிரஷ், இடுக்குக் கரிக்குப் பழைய பல் பிரஷ், பனியன் துணி. கடைசியில் ஒரே சொட்டு எண்ணெய்.

போன ஆடி மாசம், ஒரு திங்கட்கிழமை காலை. கிரஷர் இரைச்சலையும் தாண்டிக் குவாரிப் பள்ளத்துப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சுகுமார் வாட்ச்மேன் கொட்டகைக்கு வந்து ரிவால்வரை மேஜைமேல் வைத்தான்.

“நாய் ஒண்ணு பேஜார் பண்ணிக்கினு இருந்துச்சி. சுட்டேன், தப்பிச்சி ஓடிச்சி. தொடச்சி வைடா தானி.”

தம்ளரில் ஐந்து நல்ல தோட்டாவும் ஒரு காலியும் விழுந்தன. தானியேல் எப்போதும்போல் பொறுமையாகத் துடைத்தான். அதே நேரம், குவாரிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கோவிந்தம்மாளை, கெண்டைக்காலில் ரத்தம் ஒழுக ஷேர் ஆட்டோவில் ஏற்றி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாறையில் பட்டுத் தெறித்த குண்டு.

மதியம் போலீஸ் ஜீப் வந்தது. சுகுமார் நிதானமாகச் சொன்னான்: “வாட்ச்மேன் பள்ளத்தோரம் ஒக்காந்து தொடச்சிக்கினு இருந்தான் சார். தெரியாம வெடிச்சிடுச்சி.”

தானியேல் முதலில் சிரித்துவிட்டான். வேறு எந்த வாட்ச்மேனைச் சொல்கிறான் என்றுதான் தோன்றியது. இன்ஸ்பெக்டர் அவனுடைய எண்ணெய்க் கையைப் பார்த்தபோதுதான் தன்னைத்தான் சொல்கிறான் என்று புரிந்தது.

“சார், தோட்டாவ எடுக்காம நான் தொடச்சதே இல்ல. உருளை தொறந்து கீறப்ப எப்டி சார் வெடிக்கும்?”

“கோர்ட்ல சொல்லு.”

ஜீப்பில் ஏறும்போது சுகுமார் கிட்டே வந்தான். “ஒத்துக்கடா. ஆக்சிடென்ட் கேசுதான், நாலு நாள்ல வெளிய எடுத்துர்றேன். ஒம் பொண்ணு ஷீபா படிப்பு எம் பொறுப்பு.”

“மொதல்லியே கேட்டிருந்தா ஒத்துக்கினிருப்பேனோ இன்னாவோ, சுகுமாரு,” என்றான் தானியேல். “எப்பவும் சொல்ற மாதிரியே ‘தொடச்சி வைடா’ன்னு சொன்ன பாரு.”

பதினெட்டு நாள் உள்ளே இருந்தான். அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான். எங்காவது ஒரு தடுமாற்றம், ஒரு நடுக்கம்? எதுவும் இல்லை. அந்தம்மா அலறியதைக் கேட்டுவிட்டுத்தான் கொட்டகைக்கு வந்திருக்கிறான். யார் கையில் எண்ணெய் ஒட்ட வேண்டும் என்பதை வரும் வழியிலேயே முடிவு செய்திருக்கிறான்.

அவனைக் காப்பாற்றியது கோவிந்தம்மாள்தான். போலீஸ் கடைசியில் அவளைக் கேட்க வந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்: “பாற மேல நின்னு சுட்டவன் வெள்ள சட்ட. தானியேலு காக்கிதான போடுவான்.”

தானியேல் வெளியே வந்தான். சுகுமார் உள்ளே போய் ஒரே வாரத்தில் ஜாமீன் வாங்கினான். லைசென்ஸ் ரத்தானது, குவாரி ஓடுகிறது. தானியேல் இப்போது உத்திரமேரூரில் ஒரு ரைஸ்மில்லில் வேலை செய்கிறான்.

வெளியே வந்த மறுநாளே கோவிந்தம்மாள் வீட்டுக்குப் போனான். அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“நாயின்னு சொன்னத நம்பிட்டியா?”

“நம்பிட்டேன்க்கா.”

“நாயின்னாலும், போயி ஒரு எட்டு பாத்திருக்கலாம் இல்ல?”

அவளே வேலிப் பக்கம் கையைக் காட்டி, “அந்த ஆட்டுக்குட்டி வெளிய போவுது பாரு, புடிச்சிக் கட்டு” என்றாள். தானியேல் எழுந்து போனான்.