கோரிமேட்டில் ஒரு கோடு பாக்கி

பினாயில் வாசனை மூக்கில் ஏறினால் எனக்குப் பென்சில் ஞாபகம் வரும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

போன புரட்டாசியில் ஒரு நாள் காலை, என் வீட்டுக்காரரைப் பித்தப்பைக் கல்லுக்காக ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், ஏதோ சென்னைக்கு பஸ் ஏறுகிற மாதிரி. "சின்ன ஆபரேஷன்தாம்மா, பயப்படாதீங்க" என்றார் நர்ஸ். பயப்படாதே என்று சொன்ன பிறகுதானே எனக்குப் பயம் ஆரம்பிக்கும்! வெளியே ஹாலில் போட்டிருந்த நாற்காலிகளில் நூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் போனுக்குள் குனிந்திருந்தது. என் தலையும்தான்.

என் தங்கை பையன் ஒரு ஆட்டத்தைப் போனில் போட்டுக் கொடுத்திருந்தான். "பெரியம்மா, நீங்க சும்மா உக்காந்தா கண்டதையும் யோசிப்பீங்க, இத ஆடுங்க" என்றான். பார்த்தால் நம்ம பழைய புள்ளிக் கட்டம்! நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாகப் புள்ளி வைத்து, ஆளுக்கொரு கோடு இழுப்போமே, அதே ஆட்டம். நாலாவது கோட்டை இழுத்துக் கட்டத்தை மூடுகிறவர் உள்ளே தன் எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம், இன்னொரு கோடும் இழுக்கலாம். போனில் ஒரே ஒரு வித்தியாசம், நேரக் கணக்கு. இருபது வினாடிக்குள் கோடு போடாவிட்டால் முறை எதிராளிக்குப் போய்விடும். இந்த லட்சணத்தில் நான் பதினெட்டு வருஷமாகக் கணக்கு டீச்சர், தினமும் யாரோ முகம் தெரியாத பொடிசுகளிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்தில் இருப்பவரோடு ஆடலாம் என்று அதில் ஒரு வசதி உண்டு. அன்றைக்கு அதைத் தட்டினேன். நூறு மீட்டருக்குள் ஒருவர் காத்திருப்பதாகக் காட்டியது. பெயர் 'மத்திமீன்'. அப்படியென்றால் இதே ஹாலில் இருக்கிற யாரோ! தலையைத் தூக்கிப் பார்த்தேன். நூறு உச்சந்தலைகள். எதைச் சந்தேகப்படுவது?

மத்திமீன் நன்றாக ஆடியது. பதினாறு கட்டத்தில் பதினைந்து மூடியாயிற்று, எனக்கு ஏழு, அதற்கு எட்டு. வலது கீழ் மூலையில் ஒரே ஒரு கோடு பாக்கி. முறையும் அதனுடையதே. இழுத்தால் ஜெயித்தது, முடிந்தது.

இழுக்கவில்லை.

பதினைந்து, பத்து, ஐந்து என்று வினாடி இறங்கிக்கொண்டே போனது. நெட் போயிருக்கும் என்று நினைத்தேன். சைபர் ஆனது. முறை எனக்கு வந்தது. அந்தக் கடைசிக் கட்டம் மூன்று கோடுகளோடு வாயைத் திறந்துகொண்டு என் முன்னால் நின்றது. கடைசிக் கட்டத்தை மூடாமல் எதிராளிக்கு விடுகிற வழக்கம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். இன்னொருத்தி பிலோமினா.

எனக்குப் பதினேழு வயது அப்போது. பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று இதே கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். அப்பாவுக்கு நடவு நேரம், ஆகவே கூட இருந்தது நான். வார்டுக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு. எதிர் வார்டில் பிலோமினாவின் அப்பாவைச் சேர்த்திருந்தார்கள், அவளும் அதே பெஞ்சில்தான் இருப்பாள். அவர் டவுனில் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், வீட்டில் சமையல்காரராக இருந்தவர். ஊசி போட்ட கையோடு நர்ஸிடம் பிரெஞ்சில் நன்றி சொல்லி "மெர்சி" என்பார், மாத்திரை கொடுத்தால் ஒரு "மெர்சி", பெட்பேன் வைத்தாலும் "மெர்சி". பிலோ தலையில் அடித்துக்கொள்வாள். "ஜுரம் ஏற ஏற எங்கப்பாவுக்கு பிரெஞ்சு கூடுது" என்பாள்.

மார்க்கெட் சாமான் எழுதுகிற அவர் பென்சில் ஒன்று அவளிடம் இருந்தது. சுண்டுவிரல் அளவுக்குத்தான் இருக்கும். மாத்திரை கொடுக்கிற காகிதக் கவரைப் பிரித்தால் உள்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் புள்ளி வைத்து ஆடுவோம். அவள் 'பி', நான் 'ச'. பினாயில் தெளித்துத் தரை துடைக்க வருகிற ஆயா "காலைத் தூக்குங்கடி ராணிங்களா" என்று கத்தும். காலைத் தூக்கிக்கொண்டே ஆடுவோம். அந்தப் பென்சிலும் அந்த வாசனையும் எனக்குள் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

கடைசிக் கட்டம் வழக்கம் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடங்கியது. அவள் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று ஆக்ஸிஜன் வைத்த நாள் அது. ஆட்டத்தில் பிலோ தோற்றுக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டம் என் கையில் இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "இந்தா, இது உனக்கு" என்று பென்சிலைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவள் அப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அவ்வளவுதான், சட்டமாகிவிட்டது. கடைசிக் கோடு வந்ததும் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும், "உங்க ஆளுக்கு இன்னிக்கு எப்படி?" யாருக்குக் கெட்ட சேதியோ கட்டம் அவளுக்கு. அந்தக் கட்டம் கிடைத்தால் மறுநாள் சேதி நல்லதாக வரும் என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் நம்பினோம். மூன்று வாரம் அப்படியே நம்பி ஓட்டினோம்.

கடைசி நாள் வந்தது. அம்மாவின் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், ரிசல்ட் பதினோரு மணிக்கு. ராத்திரி முழுக்க நான் கண்ணை மூடவில்லை. காலையில் பிலோ வந்து உட்கார்ந்தாள், முகம் வீங்கியிருந்தது. "அப்பாவ ஐ.சி.யூ.வுக்கு மாத்திட்டாங்க" என்றாள். இரண்டு பேரும் கவரைப் பிரித்துப் புள்ளி வைத்தோம். கோடு இழுத்தபடியே நான் வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கோடு என்னிடம் வந்தது. நியாயப்படி அந்தக் கட்டம் அவளுடையது. எனக்குச் சேதி எதுவும் வரவில்லை, அவளுக்கு வந்துவிட்டது. எல்லாம் எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து வார்டு வாசலில் ஃபைலோடு டாக்டர் வந்து நின்றார். நான் எதையும் கேட்கவில்லை, கோட்டை இழுத்து 'ச' என்று எழுதிவிட்டேன். அழுத்தி எழுதியதில் பென்சில் முனை ஒடிந்தது.

பிலோ அந்தக் கட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கையை ஒருதரம் பிடித்துவிட்டு, கவரை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ரிசல்ட் நல்லதாக வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி. "கெட்டது ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றார் டாக்டர். ஒரு மணிக்குள் மூட்டை கட்டிவிட்டோம். பெஞ்சில் பிலோ இல்லை. ஐ.சி.யூ. பக்கம் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்குக் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன், எனக்கு ஒன்றும் இறங்கவில்லை.

அவள் அப்பாவுக்கு வரவேண்டிய நல்ல சேதியை நான் பிடுங்கிக்கொண்டேன். முப்பது வருஷமாக எனக்குள் இருந்தது இதுதான். ஒரு கட்டத்தால் ஆள் பிழைப்பானா, சாவானா? கணக்கு டீச்சருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன, நெஞ்சு கேட்க வேண்டுமே! கல்யாணமாகி டவுனை ஒட்டின சாரத்தில் குடிவந்த பிறகு, தேடியிருந்தால் ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்திருப்பேன். மெர்சி சொல்கிற சமையல்காரர் என்றால் நாலு மாதா கோயிலில் விசாரித்தால் தெரியாமலா போகும்? விசாரிக்கவில்லை. செத்துவிட்டார் என்று யாராவது சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

இப்போது அதே ஆஸ்பத்திரியில், அதே கட்டம் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. உள்ளே வீட்டுக்காரர். கை துறுதுறுத்தது, பொய் சொல்லமாட்டேன். பத்து வினாடி. ஐந்து. நான் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். முறை திரும்பிப் போயிற்று. அங்கிருந்து மறுபடியும் எனக்கே வந்தது. நெட் இல்லை, சிக்னல் இல்லை என்ற சாக்கெல்லாம் இனிமேல் செல்லாது. ஆளுக்கு மூன்று தரம் விட்டதும் ஆட்டம் கைவிடப்பட்டது என்று போன் தானே மூடிவிட்டது.

நான் எழுந்து நின்றேன். ஹாலின் அந்தக் கோடியில் இன்னொருத்தியும் எழுந்து நின்றாள். இருபத்திரண்டு வயதுப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. கன்னத்து எலும்பும் அந்த நிற்கிற தோரணையும் அப்படியே பிலோ. ஊரே வந்துபோகிற ஆஸ்பத்திரி, பிலோ வீட்டு ஆள் வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிட்டே போனேன்.

"நீதானாம்மா மத்திமீன்?"

"ஆமாங்க ஆன்ட்டி" என்று சிரித்தாள். "நீங்க ஏன் போடல?"

"நீ ஏன் போடல, அதச் சொல்லு மொதல்ல."

"எங்கம்மா பழக்கம் ஆன்ட்டி. கடைசிக் கட்டத்த நீயா எடுத்துக்காத, எதிர்ல இருக்கறவங்களுக்கு இன்னா கஷ்டமோன்னு சொல்லும். இங்க உக்காந்திருக்கற எல்லாருக்கும் கஷ்டம்தானே? எங்கப்பாவுக்கு உள்ள கால்ல ஆபரேஷன்."

பெயர் ஜெனி. அம்மா பெயரைக் கேட்டேன், பிலோமினா என்றாள். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க தாத்தா... அந்த ஐ.சி.யூ.ல..." என்று குழறினேன்.

"தாத்தாவா? அந்தக் கத உங்களுக்கும் தெரியுமா? அவரு பொழச்சி வந்து பதிமூணு வருஷம் இருந்தாரே! எனக்கு அஞ்சு வயசுல போனாரு. எனக்கே மெர்சி சொல்லிக் குடுத்தது அவருதான்."

முப்பது வருஷச் சுமை ஒரு வாக்கியத்தில் இறங்கிவிட்டது. ஜெனி பேசிக்கொண்டே போனாள்.

"ஆனா அந்த ஆட்டத்துல இன்னொரு பொண்ணு இருந்திச்சாம் ஆன்ட்டி. பாவம், அதோட அம்மா போயிட்டாங்களாம். அன்னிக்கு கடைசிக் கட்டத்த அதுவே எடுத்துக்கிச்சாம். கெட்ட சேதி வந்தாதானே எடுப்பாங்க? வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாம எழுதிக் காமிச்சிருக்குன்னு எங்கம்மா அழும். அப்புறம் போய்ப் பாத்தா கட்டில் காலி, மெத்தையைச் சுருட்டி வெச்சிருந்தாங்களாம். கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் அவங்களுக்குன்னு தனியா ஒரு மெழுகுவத்தி ஏத்தும்."

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். விட்டிருந்தால் நான் நல்லவளாகவே அந்தப் பெண் மனதில் இருந்திருப்பேன். பழைய புத்தி, மூலையில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது. சொல்லிவிட்டேன்: "அந்தப் பொண்ணு நான்தாம்மா. எங்கம்மா சாகல. பயத்துல பிடுங்கிக்கிட்டேன். எங்கம்மா இப்பவும் வீட்டுல காப்பியில சக்கர போதலன்னு சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்க."

ஜெனி வாயைத் திறந்தபடி பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப அத்தன மெழுகுவத்தியும்?" என்றாள். பிறகு மெல்ல, "அதான் நல்லா இருக்காங்க போல" என்றாள்.

உடனே பிலோவைப் பார்க்க வேண்டும் என்றேன். இந்தக் கையால் அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும். ஜெனி போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். "அம்மா இல்ல ஆன்ட்டி. ரெண்டு வருஷம் ஆச்சு, மழைக்காலத்துல. ஜுரம்னு படுத்தாங்க."

அதற்குள் நர்ஸ் வந்து என் வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிட்டார். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்டது, "யாரு உன்ன அழவெச்சது?"

கல்லறைத் திருநாளன்று, விஷயத்தைக் கேட்ட அம்மாவும் பிலோவின் கல்லறைக்கு வந்தே தீருவேன் என்று அடம்பிடித்தாள். எழுபத்து நாலு வயது, முட்டிவலி வேறு. வழியில் ஒரு கட்டு மெழுகுவத்தி வாங்கினாள். ஒன்று போதும் என்றேன். "இத்தன வருஷம் ஏத்தியிருக்கா, ஒண்ணு போதுமாடி?" என்றாள். ஜெனி வழிகாட்ட, கூட்டத்தையும் சாமந்திப்பூவையும் தாண்டிப் போய் நின்றோம். அம்மா குனிய முடியாமல் குனிந்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். காது மந்தமானவர்கள் பேசுவார்களே, அப்படி உரக்க, கல்லைப் பார்த்து, "நான் நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றாள். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் என்னிடம், "ஒரு வார்த்த போய்ச் சொல்லியிருக்கலாம்ல நீ" என்றாள்.

அந்தப் பெஞ்சு இப்போது இல்லை. மாத்திரைக் கவர் கேட்டால் சிரிப்பார்கள். நாங்கள் கடைசியாக ஆடிய கவரைப் பிலோ தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாளாம். சவப்பெட்டியை மூடும்போது அந்தப் புத்தகத்தையும் அவள் கைக்குள் வைத்துவிட்டோம் என்றாள் ஜெனி. பென்சிலால் எழுதினதுதான், ரப்பர் இருந்தால் அழித்துவிட்டு 'பி' என்று போட்டுவிடலாம். கடைசிக் கட்டத்தில் என் 'ச' அப்படியே இருக்கிறது, அவளோடு, மண்ணுக்குள்.