அம்மாவுக்கு உடம்பு தேறிய காலம்

வேப்பெண்ணெய் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு விடியப்போவது போலத்தான் இருக்கும். அம்மா இருட்டோடு எழுந்து, முழங்கால் இரண்டிலும் அதைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு, அதே கையால் என் கன்னத்தைத் தட்டி, "ஒழும்பு மனே, சுறுக்கா ஒழும்பு, விடியமுதல் கிறுகி வரவேணும்" என்பாள். மகளையும் 'மனே' என்றுதான் கூப்பிடுவார்கள் எங்கள் மண்டூர்ப் பக்கத்தில். நான் அரைத் தூக்கத்தில் சைக்கிளின் பின் கரியரில் ஏறி, அவளுடைய முதுகில் முகத்தை ஒட்டிக்கொண்டு, மீதித் தூக்கத்தை அங்கே தூங்கி முடிப்பேன்.

அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். தகரமும் தென்னங்கிடுகுமாக ஒரு வீடு, அதில் அம்மாவும் நானும், பக்கத்து வளவில் பெரியம்மா. அம்மா நல்ல பருமன், பிரஷரும் இருந்தது. "ஆசுப்பத்திரியில உடம்பக் குறைக்கச் சொல்லிட்டாங்க கா" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள், நானும் நம்பினேன். ஒரு வேலையும் இல்லாமல் ஒரு பொம்பிளை சைக்கிள் ஓடித் திரிந்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்றுதான் அந்த விடியற்காலைப் பயணம்.

வாவியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு மேற்கே வெல்லாவெளிப் பக்கம் போகிற செம்மண் கிறவல் ரோட்டில், இரண்டு பக்கமும் 'வட்டை' என்று நாங்கள் சொல்லும் வயல்வெளி பனியில் நனைந்து கிடக்க, அம்மா பெருமூச்சு விட்டு விட்டு மிதிப்பாள். காவல் பரணில் இருந்து யாராவது, "ஆருகா அது? ஆனை இறங்கி நிக்கிது, அங்கால போகாதிங்க!" என்று கத்துவார்கள். "என்னைக் கண்டா தன்ட இனமெண்டு ஆனை விட்டிரும் அண்ணன்!" என்று அம்மா திருப்பிக் கத்துவாள். அவள் சிரிப்பது முதுகு வழியாக என் கன்னத்துக்குத் தெரியும். அப்படிச் சிரிக்கிற அம்மாவை வீட்டில் நான் கண்டதில்லை. அந்த ரோட்டில் அவள் எனக்கே எனக்கு மட்டுமான அம்மா.

பாதி வழியில் வாய்க்காலுக்கு மேலே உயர்த்திக் கட்டிய மதகு ஒன்று இருந்தது. முதல் நாட்களில் அதன் ஏற்றத்தில் இறங்கி, சைக்கிளை உருட்டி, மேலே போய் மதகின் கைப்பிடிச் சுவரில் குந்திவிடுவாள். பாவமாக இருக்கும். நான் முன்னதாகவே கீழே குதிக்கப் பார்த்தால் விடமாட்டாள். "இறங்காத, இரி. உன்னையும் ஏத்திக்கொண்டு ஏறினாத்தான் உடம்பு சரியெண்டு நான் நம்புவன்" என்பாள். நானும் விடுவேனா? நாளுக்கு நாள் அவளை ஏவினேன். "இன்னும் கொஞ்சம் அம்மா, இன்னும் கொஞ்சம்" என்று முதுகில் தட்டினேன். இரவில் அவளுடைய கெண்டைக்காலைப் பிடித்துவிட்டதும் நான்தான். சட்டைகள் தொளதொளத்தன, மூச்சு சீரானது, வெல்லாவெளிச் சந்தி வரை போய்வர ஆரம்பித்தோம்.

ஒரு நாள் நிற்காமல் ஏறிவிட்டாள், என்னையும் வைத்துக்கொண்டு. நான் கரியரிலிருந்து கைதட்டி, "அம்மாக்கு உடம்பு நல்லாயிட்டு!" என்று வட்டை முழுக்கக் கேட்கும்படி கூவினேன். அம்மா காலை ஊன்றி நின்று, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வியர்வையைத் துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை ஏஜென்சிக்காரரோடு கொழும்புக்குப் போய்வந்தாள். "மெடிக்கல் பாஸாம்! முதல்ல உடம்பு கூட, பிரஷர் கூடயெண்டு திருப்பி அனுப்பினவங்க, இப்ப நல்லமெண்டுட்டாங்க. அடுத்த மாசம் பிளேனில ஏத்துவாங்க" என்று பெரியம்மா வேலிக்கு மேலால் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். அரபு நாட்டில் யாரோ வீட்டைக் கூட்டித் துடைக்கத்தான் அம்மா உடம்பைத் தேற்றியிருக்கிறாள். அவள் ஒவ்வொரு நாளும் கூடுதலாக ஓடிய தூரத்துக்கு நான் கைதட்டியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவான், வீடு பெண்ணுக்கு. "பொம்புளப் புள்ளைக்கு ஒரு கல்வீடு இல்லாட்டி ஆருகா வருவான்?" என்று பெரியம்மா கேட்டுக் கேட்டே அம்மாவை அனுப்பிவைத்தாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, ஊர் வழக்கம் அது. அம்மா காசு அனுப்ப அனுப்பச் சுவர் எழும்பியது. கூரை போட்ட வருடம், அங்கே அம்மாவுக்கு நெஞ்சடைத்துவிட்டது என்று சொன்னார்கள். தட்டிப் பார்த்து, நிறுத்துப் பார்த்து, நல்ல உடம்பு என்று எடுத்துப் போனவர்கள், பெட்டியில் ஆணியடித்துத் திருப்பி அனுப்பினார்கள். எனக்காகக் கட்டிய வீட்டில் அம்மா படுத்தது அந்த ஒரு பகல்தான், பெட்டிக்குள்ளே.

அந்த வீட்டில்தான் இப்போது நானும் என் குடும்பமும் இருக்கிறோம். போன மாரிக்குப் பிறகு எனக்கும் பிரஷர் என்று சொல்லி, உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள். அதனால் விடியமுதல் சைக்கிளை எடுக்கிறேன். மகள் விடமாட்டாள், கரியரில் ஏறிக்கொள்வாள். கிறவல் ரோட்டுக்கு இப்போது தார் ஊற்றிக் காபட் போட்டாயிற்று. ஆனைக்கு மின்சார வேலி வந்தபின் பரண்களில் ஆளில்லை, சத்தம் போட்டு மறிக்க யாருமில்லை. மதகையும் உடைத்து ரோட்டோடு சமமாகக் கட்டிவிட்டார்கள். இடம் தெரியாதவர்களுக்கு அங்கே ஓர் ஏற்றம் இருந்ததே தெரியாது.

முந்தாநாள் அந்த இடத்தைத் தாண்டும்போது மகள் பின்னாலிருந்து கைதட்டினாள். "அம்மா, இண்டைக்கு உங்களுக்கு மூச்சே வாங்கல்ல! உடம்பு நல்லாயிட்டு!"

சைக்கிளை நிறுத்தி, இறங்கி, அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஒரு இடமும் போகமாட்டன் மனே" என்றேன்.

"ஆரும்மா உங்களப் போகச் சொன்ன?" என்று அவள் சிரித்தாள்.